கார்களுக்கு நடுவே பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பைக் ஓட்டுகிறவர்கள் கார்க்காரர்களைப் பற்றியும், கார் ஓட்டுகிறவர்கள் பைக்காரர்களைப் பற்றியும் கேட்கிற சந்தேகங்கள் வருஷக் கணக்காக ஒன்றேதான். கத்திபாராவில் கேட்டாலும் மத்திய கைலாஷில் கேட்டாலும் வார்த்தைதான் மாறுகிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் பாதி பெரும்பாலும் பைக்காரர்களுக்கு. பின்பாதியை இருவரும் படிக்க வேண்டும்.

நிக்கிற வண்டிங்களுக்கு நடுவுல பைக்ல பூந்து போறது சட்டப்படி சரியா, தப்பா?

இந்தியாவில் இதற்கென்று தனி விதி கிடையாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தையும் 2017இல் வந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று பொது விதிகள் இங்கே பொருந்தும். லேன் கோடு போட்ட சாலையில் லேனுக்குள் ஓட்ட வேண்டும். லேன் மாறுவதென்றால் சிக்னல் காட்டிவிட்டு மாற வேண்டும். முந்துவது வலது பக்கமாக இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டு நடுவுக்கு வந்துவிட்டால் மட்டும் அவரை இடது பக்கமாகக் கடக்கலாம். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், கோட்டின் மேலேயே இரண்டு வரிசைக்கு நடுவே ஓட்டுவது சட்டத்தின் பாதுகாப்பு உள்ள செயல் இல்லை.

சிக்னலில் நிற்கிற கார்களைத் தாண்டி முன்னால் வந்து நிற்கிறவரை நடைமுறையில் யாரும் பிடிப்பதில்லை. அதனாலேயே அது உரிமை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் வழக்கம்தான். விபத்து நடந்து யார் மேல் தப்பு என்ற பேச்சு வரும் நாளில் அந்த வழக்கம் உங்களுக்குத் துணை வராது.

அப்புறம் போலீஸ் எதுக்கு ஃபைன் போடறாங்க?

நடுவே வந்ததற்கு அல்ல, வந்து சேர்ந்த பிறகு செய்வதற்கு. ஸ்டாப் லைனைத் தாண்டி ஜீப்ரா கிராசிங் மேல் நிற்பது, பச்சை விழுமுன் கிளம்புவது, நெரிசலைத் தவிர்க்க நடைபாதையில் ஏற்றுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவைதான் பெரும்பாலும் மாட்டிவிடும். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய். லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் இந்தப் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

வளைந்து வளைந்து கட் அடித்துப் போவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின் கீழ் ஆபத்தான ஓட்டுதலாகப் பதிவு செய்யலாம். சிவப்பு விளக்கை மீறுவது, விதிக்கு மாறாக முந்துவது, எதிர்த்திசையில் ஓட்டுவது எல்லாமே 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவுக்குள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுவிட்டன. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும் சேர்த்துச் சட்டம் சொல்கிறது.

சிக்னல்ல நிக்கிற கார்களுக்கு நடுவுல போறதும் ஓடிக்கிட்டிருக்கிற கார்களுக்கு நடுவுல போறதும் ஒண்ணுதானே?

இல்லை. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நிற்கிற கார் பக்கவாட்டில் நகராது. அதன் கதவு திறக்கலாம், இரண்டு காருக்கு நடுவிலிருந்து ஆள் வரலாம். வரக்கூடிய ஆபத்து அவ்வளவுதான். நீங்கள் மெதுவாகப் போனால் இரண்டையும் சமாளிக்கலாம்.

ஓடுகிற காரின் பாதை உங்கள் கையில் இல்லை. முன்னால் பள்ளம் தெரிந்தால் அது ஒரு அடி விலகும். பக்கத்து வரிசை வேகமாக நகர்ந்தால் அங்கே தாவும். அந்த ஒரு அடிதான் நீங்கள் நம்பி நுழைந்த இடம். வலது பக்கம் கார், இடது பக்கம் கார், நடுவில் நீங்கள் என்று 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒருவர் விலகினால் நீங்கள் ஒதுங்க இடமே கிடையாது. ஆகவே நாங்கள் சொல்வது இதுதான்: நிற்கிற வரிசைக்கு நடுவே மெதுவாகப் போகலாம், ஊர்கிற வரிசையில் யோசித்துப் போகலாம், ஓடுகிற வரிசைக்கு நடுவே போகவே கூடாது.

என் வண்டி நுழையற அளவுக்கு இடம் இருக்கான்னு எப்படிக் கணக்குப் போடறது?

அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ப்ளெண்டரின் அகலம் சுமார் 72 சென்டிமீட்டர், ஆக்டிவா 70, கிளாசிக் 350 கிட்டத்தட்ட 79. ஸ்விஃப்ட் மாதிரி காரின் உடல் அகலம் 1.73 மீட்டர், கிரெட்டா 1.79. இரு பக்க மிரரும் ஆளுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு லேன் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கார்கள் அவரவர் லேன் நடுவே நிற்கும்போது மிரர் போக நடுவே 1.4 மீட்டர் கிடைக்கும். உங்கள் ஹேண்டில்பாருக்கு இரண்டு பக்கமும் ஒரு அடிக்கு மேல் இடம். தாராளம்.

ஆனால் நம் ஊரில் இரண்டு லேனில் மூன்று கார்கள் நிற்கும். 7 மீட்டரில் மூன்று கார்கள் 5.25 மீட்டரை எடுத்துக்கொண்டால் மீதி 1.75. அது ஓரங்களுக்கும் இடைவெளிகளுக்கும் பிரிந்தால் ஒவ்வொன்றும் அரை மீட்டர் கூடத் தேறாது. பார்வைக்குச் சந்து தெரியும், மிரர் இருக்கிற இடத்தில் அடைந்துவிடும். பைக் ஹேண்டில்பாரும் சாதாரண காரின் மிரரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால்தான் உரசல் எப்போதும் அங்கேயே நடக்கிறது. எனவே கார்களின் பின்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மிரருக்கும் மிரருக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். உங்கள் லீவர் முனைகளிலிருந்து மிரர் வரை இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் இல்லையென்றால் நின்றுவிடுங்கள். பக்கவாட்டு கிராஷ் கார்டு, பெட்டி, தொங்கும் பை எல்லாவற்றையும் அகலத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெலிவரி பை மாட்டியிருந்தால் வண்டியின் அகலமான இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

எவ்வளவு வேகத்துல போகலாம்?

சுற்றியிருக்கிற வண்டிகளைவிட 15 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் வேகம் வேண்டாம். அவை நின்றால் உங்களுக்கு 15. அவை 10இல் ஊர்ந்தால் 25. அவை 30ஐத் தொட்டுவிட்டால் நீங்களும் ஒரு லேனுக்குள் வந்து ஒரு காருக்குப் பின்னால் ஓட்டுங்கள்.

காரணம் எளிய கணக்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். ஆபத்தைப் பார்த்து விரல் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு விநாடி ஆகும். பிறகு வண்டி நிற்க இன்னும் 6 மீட்டர் வேண்டும். மொத்தம் 14 மீட்டர், அதாவது மூன்று கார் நீளம். 15 கிலோமீட்டரில் எல்லாம் சேர்த்து 6 மீட்டருக்குள் நின்றுவிடலாம். கார்க் கதவு திறந்தால் ஒரு மீட்டர் நீளும். அது உங்களுக்கு 14 மீட்டர் முன்னால் திறக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

சிக்னல் டைமர் பத்து செகண்டு காட்டுது. முன்னாடி போயிடலாமா?

வேண்டாம். நுழையுமுன் டைமரைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் 10 விநாடிக்குக் கீழே வந்துவிட்டால் இருக்கிற இடத்திலேயே நில்லுங்கள். பாதி வழியில் பச்சை விழுந்தால் இரண்டு வரிசையும் கிளம்பும், நீங்கள் மேலே சொன்ன ஓடுகிற வரிசைக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். அப்படி மாட்டிவிட்டால் முறுக்கி முன்னால் ஓட முயல வேண்டாம். வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டர் போட்டு, இடது பக்கக் காரை முன்னால் விட்டு அதன் பின்னால் லேனுக்குள் சேர்ந்துவிடுங்கள்.

ஓரமா இடது பக்கத்துல போறதுதான் சேஃப்னு சொல்றாங்களே?

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் மணல், சாக்கடை மூடி, நிறுத்திய ஆட்டோ, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் எல்லாம் இருக்கின்றன. ஷேர் ஆட்டோ எந்த அறிவிப்பும் இல்லாமல் இடது பக்கம் ஒடிக்கும். காரின் இடது பக்கக் கதவில் இறங்குகிறவர் மிரரைப் பார்த்துப் பழகாத பயணி. சென்னை மாதிரி ஊரில் ஓலா, ஊபர் இறக்கிவிடுவது முழுக்க அந்தப் பக்கம்தான். நிற்கிற வரிசையில் போயே ஆக வேண்டுமென்றால், வலது கோடி வரிசைக்கும் அதற்கு அடுத்த வரிசைக்கும் நடுவே உள்ள இடம் மற்றவற்றைவிட மேல்.

பஸ்சுக்குப் பக்கத்துல போனா என்ன?

மாநகரப் பேருந்து சுமார் 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டருக்கு மேல் அகலம். அது இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். திருப்பத்தில் பஸ்ஸின் இடது பக்கம் நிற்கிற பைக்குக்கு முதலில் இடம் இருப்பது போலத் தெரியும், பிறகு அந்த இடமே இல்லாமல் போகும். ஓட்டுநருக்கு அங்கே நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். லாரி, தண்ணீர் லாரி, கன்டெய்னர் எதுவானாலும் இதே கதைதான். அவற்றின் மிரரில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியவில்லை.

இன்னொன்று. வரிசையில் ஒரு பஸ்ஸோ காரோ காரணமில்லாமல் நின்றால், அதன் முன்னால் யாரோ சாலையைக் கடக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சந்தில் நீங்கள் வேகமாக வெளியே வரும் இடத்தில்தான் அவர்களும் வெளியே வருவார்கள்.

ஏ.பி.எஸ். வண்டிதான் என்னுது. அப்பவும் பயப்படணுமா?

2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்றது, அதற்குக் கீழே சி.பி.எஸ். (ஒரு லீவரை அழுத்தினால் இரண்டு பிரேக்கும் பிடிக்கும் அமைப்பு) இருந்தால் போதும் என்றது. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டாமல் காக்கும், நிற்கும் தூரத்தை மாயமாகக் குறைக்காது. வரிசைக்கு நடுவே போகிறவர் ஓட்டுவது லேன் கோட்டின் மேல். அந்த வெள்ளைப் பூச்சு மழையில் வழுக்கும். கோட்டோரம் பதித்த ஸ்டட் மேல் ஏறினால் ஹேண்டில் உதறும். மெட்ரோ வேலைக்காக இரும்புத் தகடு போட்ட இடங்களில், ஆற்காடு சாலையானாலும் ஓ.எம்.ஆர். ஆனாலும், ஈரத்தில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மழை பெய்கிற அன்று இந்த வேலையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ரொம்ப மெதுவாப் போனா வண்டி ஆடுது. காலைத் தேய்ச்சுக்கிட்டே போகலாமா?

காலைத் தேய்த்தால் ஆட்டம் கூடும், பக்கத்துக் காரின் டயருக்கடியில் பாதம் போகவும் வாய்ப்பு உண்டு. கியர் வண்டியில் முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரைச் சீராக வையுங்கள். ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லாததால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து இடது கைப் பின் பிரேக்கால் அடக்க வேண்டும். சி.பி.எஸ். உள்ள ஸ்கூட்டரில் அந்த லீவர் முன் பிரேக்கையும் சேர்த்து இழுக்கும், எனவே மெல்ல. பார்வை முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, சந்து முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். காலி மைதானத்தில் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பழகுங்கள். அதில் தட்டாமல் 10 மீட்டர் போக முடியாதவர் கார்களுக்கு நடுவே நுழையக்கூடாது.

பின்னாடி வீட்டுக்காரம்மா, முன்னாடி குழந்தை. அப்பவும் போகலாமா?

கூடாது. பின்னால் இருப்பவரின் முழங்கால் ஹேண்டில்பாரைவிட வெளியே போகலாம். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால் நிச்சயம் போகும். எடை கூடினால் மெதுவான வேகத்தில் சமநிலை கெடும்.

நான் கார் ஓட்டறேன். பைக் எங்கிருந்து வருதுன்னே தெரியலை. நான் என்னதான் பண்றது?

மிரரிலிருந்து தொடங்குங்கள். பலர் பக்க மிரரில் சொந்தக் காரின் கதவுதான் கால்வாசி தெரியும்படி வைத்திருக்கிறார்கள். காரின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் பக்கத்து லேன் தெரிய வேண்டும். அப்படியும் பின் கதவை ஒட்டி ஒரு மறைவிடம் இருக்கும். நகருமுன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். இண்டிகேட்டரைத் திருப்பும்போது போடுவதில் பயனில்லை, மூன்று விநாடி முன்னால் போடுங்கள். சந்தில் வருகிறவருக்கு உங்கள் மனத்தைச் சொல்லும் ஒரே கருவி அது.

நின்ற இடத்தில் கதவைத் திறக்குமுன் மிரரைப் பார்த்து, கதவுக்குத் தூரமான கையால் திறங்கள். ஓட்டுநர் இருக்கையில் என்றால் இடது கை. உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தால் சைல்டு லாக் போட்டு வையுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரியும். பகலில் மிரரில் ஒற்றை வெளிச்சம் தெரிந்தால் அது உங்களைப் பார்த்து யாரும் அடித்த லைட் இல்லை, கோபம் வேண்டாம்.

நான் லேன்ல ஒழுங்கா நிக்கிறேன். அவங்களுக்கு நான் ஏன் இடம் விடணும்?

விட வேண்டும் என்று விதி இல்லை. லேன் நடுவே நேராக நின்றாலே மேலே போட்ட கணக்குப்படி அவர்களுக்கு இடம் கிடைக்கும். சிக்கல் வருவது சாய்வாக நிற்கும்போது. பக்கத்து வரிசைக்குத் தாவப் பாதி மூக்கை நீட்டி நிற்கிற கார்தான் எல்லா இடைவெளியையும் அடைக்கிறது, உரசலும் அதன் மேல்தான் விழுகிறது.

பைக்காரர் வருவதைப் பார்த்து வேண்டுமென்றே ஸ்டியரிங்கைத் திருப்பி இடைவெளியை மூடுவது வேறு விஷயம். அவர் விதி மீறினார் என்பது உங்களுக்கு அவரைக் கீழே தள்ளும் உரிமையைத் தராது. இந்தியாவில் 2022இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். உங்களுக்கு நசுங்கல், அவருக்கு உயிர்.

மிரர்ல பட்டுடுச்சு. நிக்கணுமா, போயிடலாமா?

நில்லுங்கள். சந்து முடிந்து ஓரம் கிடைக்கிற இடத்தில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். தட்டிவிட்டு ஓடுகிறவர்மேல்தான் கார்க்காரருக்குக் கோபம் அதிகம். அந்தக் கோபத்தை அடுத்த சிக்னலில் வேறொரு பைக்காரர் வாங்கிக்கொள்கிறார். பெரும்பாலும் மிரர் மடங்கியிருக்கும், அவ்வளவுதான். கையால் நேராக்கி, கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, மூடியில் கீறல் இருக்கிறதா, உள்ளே மோட்டார் வேலை செய்கிறதா என்று மூன்றையும் சேர்ந்து பாருங்கள்.

பணம் பேசுவதென்றால் எது உடைந்தது என்பதைப் பிரித்துப் பேசுங்கள். கண்ணாடி மட்டும், வெளி மூடி மட்டும், முழு அசெம்ப்ளி என்று மூன்றும் தனித்தனியாக விற்கின்றன. இண்டிகேட்டர் விளக்கும் கேமராவும் உள்ள அசெம்ப்ளி பல மடங்கு விலை. மூடி உடைந்ததற்கு முழு அசெம்ப்ளியின் விலையைக் கேட்பது நியாயமில்லை. இரண்டு பேரும் வண்டி எண்ணையும் சேதத்தையும் படம் எடுத்துக்கொண்டு நகருங்கள், சாலை நடுவே பஞ்சாயத்து வேண்டாம்.

இன்ஷூரன்ஸ்ல வாங்கிக்கலாமே?

கார்க்காரர் தன் சொந்தச் சேத பாலிசியில் கோரலாம். 1,500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் அவர் கையிலிருந்து கட்டாயமாகப் போகும். எதுவும் கோராத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் போனஸ் தள்ளுபடி முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும், ஒரு தடவை கோரினால் அதுவும் அறுந்துவிடும். சின்னக் கீறலுக்கு இது நஷ்டம்.

பைக்காரரின் தேர்டு பார்ட்டி பாலிசியிலும் அடுத்தவர் பொருளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால் அதற்குக் காவல் நிலையப் பதிவு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். மிரருக்காக யாரும் அந்த வழி போவதில்லை. பம்பர், கதவு என்று பெரிதாகப் போனால் யோசிக்கலாம்.

கார்க்காரர் பைக் சாவியைப் பிடுங்கிக்கிட்டாரு. அப்ப?

சாவியை எடுக்கவும் வழியை மறித்து நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் இல்லை. ஒருவரைப் போகவிடாமல் தடுப்பதே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில் குற்றம். கையை ஓங்காதீர்கள், சாவிக்காக மல்லுக்கட்டாதீர்கள். 112ஐ அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். இதே நியாயம் மறுபக்கமும் பொருந்தும்: பத்து பைக் சேர்ந்து ஒரு காரைச் சூழ்ந்துகொண்டு பானெட்டைத் தட்டுவதும் குற்றம்தான்.

யாருக்காவது அடிபட்டா முதல்ல என்ன பண்ணணும்?

108. ஹெல்மெட்டை அவசரமாக இழுக்காதீர்கள். அடிபட்டவரைச் சிகிச்சைக்குக் கொண்டு சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குச் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி சம்பந்தப்பட்ட ஓட்டுநரின் கடமை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிட்ட மருத்துவமனைகளில் இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

நடுவுல போகும்போது கார் திடீர்னு திரும்பி இடிச்சுது. இண்டிகேட்டர் போடலை. தப்பு முழுக்க அவர் மேலதானே?

முழுக்க என்று சொல்ல முடியாது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இரண்டு பக்கக் கவனக்குறைவையும் பார்க்கும். சிக்னல் காட்டாமல் லேன் மாறியது அவர் தவறு. கோட்டின் மேல் வேகமாக வந்தது உங்கள் தவறு என்று முடிவானால், உங்கள் பங்குக்கு ஏற்ற சதவீதம் இழப்பீட்டில் கழியும். காயத்துக்கான மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2019 திருத்தம். டேஷ்கேம் பதிவு இருந்தால் அன்றைக்கே நகல் எடுங்கள். பல கேமராக்கள் பழையதை அழித்துத்தான் புதியதைப் பதியும்.

வெளிநாட்டுல இதுக்குச் சட்டமே இருக்காமே?

சில இடங்களில் இருக்கிறது. கலிஃபோர்னியா 2016இல் சட்டம் போட்டு 2017 முதல் அனுமதித்தது. அங்கே பெர்க்லி பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய 6,000 பைக் விபத்துகளைப் பார்த்தது. கூடுதல் வேகம் மணிக்கு 15 மைலுக்குள், அதாவது 24 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை என்று அது சொன்னது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014 ஜூலையில் 30 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதித்தது, முழு லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும்.

அங்கே கார்கள் லேனுக்குள் நிற்கின்றன, நடுவே ஆட்டோவும் தள்ளுவண்டியும் இல்லை. அதனால்தான் நாங்கள் 24க்குப் பதில் 15 என்று சொன்னோம். நியூ சவுத் வேல்ஸ் அனுமதியோடு வேக வரம்பையும் சேர்த்தே கொடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆம்புலன்சுக்கு வழி விடறாங்க. அது பின்னாடியே போனா சீக்கிரம் போயிடலாமே?

செய்யாதீர்கள். ஆம்புலன்சுக்காக ஒதுங்கிய கார்கள் அது போனவுடன் பழைய இடத்துக்குத் திரும்பும். ஓட்டுநர்களின் கண் ஆம்புலன்ஸ் மேல்தான் இருக்கும், அதன் பின்னால் வருகிற உங்கள் மேல் இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூடும் சந்து அது ஒன்றுதான். ஆம்புலன்ஸும் எங்கே வேண்டுமானாலும் திடீரென்று பிரேக் பிடிக்கும். சைரன் கேட்டால் நீங்களும் இடது ஓரம் ஒதுங்கி நின்று, பக்கத்துக் கார்கள் லேனுக்குத் திரும்பி நகர ஆரம்பித்த பிறகு, அவற்றில் ஒன்றின் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள்.